முத்திரை விழாத கடல்

ஆழிநாடு என்று ஒரு நாடு இருந்தது. மேற்கே மலை, மற்ற பக்கமெல்லாம் கடல். அந்த நாட்டில் பொருள்கள் பேசும். பேசினால் மனிதர்களுக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்ளவும் மனிதர்களுக்குத் தெரியும்.

ஆட்சி மன்றம் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. மன்றத் தலைவர் இளவழுதியின் அறையில் ஒரு பெரிய மேசை. மேசையின் மேல் ஒரு பித்தளை முத்திரை. எந்தச் சட்டமானாலும் கடைசியில் அந்த முத்திரை இறங்கினால்தான் அது சட்டம். அதே மேசையின் இழுப்பறைக்குள் நீல அட்டை போட்ட ஒரு தடித்த ஒப்பந்தம் கிடந்தது.

அது கடலைப் பற்றிய ஒப்பந்தம். எந்த நாட்டுக்கு எதுவரை கடல், எல்லை தாண்டிய படகை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, தகராறு வந்தால் யாரிடம் போவது என்று பல நாடுகள் கூடி உட்கார்ந்து எழுதியது. ஆழிநாட்டு ஆட்களும் கூடவே உட்கார்ந்து எழுதினார்கள். கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் கையெழுத்து போட்டால் மட்டும் போதாது. ஊருக்குக் கொண்டுவந்து முத்திரை வைத்தால்தான் நாடு அதற்குக் கட்டுப்பட்டதாகும். முத்திரை விழவில்லை. பதினாறு வருடம் ஓடிவிட்டது.

ஒப்பந்தத்துக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. அட்டையால் இழுப்பறையின் மரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

"முத்திரை, இன்னைக்காவது என்னை எடுப்பாங்களா?"

"தட்டாதே. மை சிந்துது" என்றது முத்திரை.

"எனக்கு ஒரு பதில் சொல்லேன். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பு எதுவும் இல்ல. பயமா இருக்கு, அவ்வளவுதான். சாதாரணச் சட்டம்னா பிடிக்கலைன்னா நாளைக்கு மாத்திக்கலாம். உன்மேல இறங்கிட்டா, எங்கேயோ ஒரு ஊர்ல உட்கார்ந்திருக்கிற நீதிபதி நம்ம கடலுக்குத் தீர்ப்பு சொல்லுவான். அதுக்கு நான் சரின்னு சொன்னதா ஆயிடும்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற ரோந்துக் கப்பல் இதைக் கேட்டுச் சிரித்தது. அதன் பெயர் அஞ்சான். முன்தளத்தில் பீரங்கி, பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்க இடம். அந்தப் பக்கத்துக் கடலிலேயே பெரிய கப்பல் அதுதான்.

"அந்தப் புத்தகத்துல இருக்கிற நல்லதையெல்லாம் நாம செஞ்சுக்கிட்டுத்தானே இருக்கோம்? அப்புறம் எதுக்கு முத்திரை?" என்றது அஞ்சான். "கடல்ல சட்டம் என்னன்னு கேட்டா, நான் நிக்கிற எடம்தான் சட்டம்."

இளவழுதி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைக் கையில் எடுப்பார், முன்னுரையைப் படிப்பார், மன்றத்தில் அரை நாள் பேச்சு நடக்கும். மறுபடி உள்ளே வைத்துவிடுவார்.

இப்படியிருக்கும்போது ஓர் ஆடி மாதத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

தெக்லா என்பவளின் விசைப்படகு ஆறு பேருடன் மீன்பிடிக்கப் போனது. அவள் கணவன் கஸ்பார்தான் படகு டிரைவர். நடுக்கடலில் கியர் உடைந்தது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகைக் கிழக்கே தள்ளின. வயர்லெஸ்ஸில் "தள்ளிக்கிட்டுப் போகுது, தள்ளிக்கிட்டுப் போகுது" என்று கஸ்பார் சொன்னது கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. மறுநாள் காலை, கடலுக்குக் கிழக்கே இருந்த கோரைநாட்டின் ரேடியோவில் செய்தி வந்தது. எல்லை தாண்டிய படகு பிடிபட்டது, ஆறு பேரும் சிறையில்.

அஞ்சான் சங்கு ஊதிக்கொண்டு கிளம்பியது. துறைமுகமே கைதட்டி அனுப்பியது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சங்கு ஊதவில்லை.

"என்ன ஆச்சு?" என்று முத்திரை கேட்டது.

"போய் நின்னேன். எதிர்ல அவங்க கப்பலும் வந்து நின்னுச்சு. என்னைவிடச் சின்னதுதான். நான் 'இது எங்க கோடு'ன்னேன். அது 'இல்ல, எங்க கோடு'ன்னுச்சு. நான் பீரங்கியைத் திருப்பினேன். அதுவும் திருப்புச்சு." அஞ்சான் தன் பீரங்கியைத் தாழ்த்தியது. "சுட்டா யுத்தம். யுத்தத்துக்கு எனக்கு உத்தரவு இல்ல. சுடாம எத்தனை நாள் நிக்கிறது? எண்ணெய் தீர்ந்துபோச்சு, வந்துட்டேன்."

மறுநாள் தெக்லா மன்றத்துக்கு வந்தாள். ஐந்தாறு பெண்கள் வாசலில் நின்றார்கள். அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். இளவழுதி எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எங்க ஆளுகளை எப்பய்யா கூட்டிட்டு வரப்போறீங்க?"

"கடிதம் அனுப்பியிருக்கோம்மா. தூதர்கிட்ட பேசிக்கிட்டிருக்கோம்."

"படகுல போன ஞானப்பு அண்ணனுக்கு அறுபத்தோரு வயசு. சர்க்கரை. தினம் ஊசி போடணும். அங்க யாருய்யா போடுவா? கடிதம் போடுமா?"

இளவழுதி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்போது மேசைக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"உள்ள யாரு?" என்றாள் தெக்லா.

"அது ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததா தட்டுது?"

இளவழுதி பதில் சொல்லுமுன் அவளே குனிந்து இழுப்பறையை இழுத்தாள். நீல அட்டை மேலெல்லாம் தூசி. அவள் முந்தானையால் துடைத்தாள்.

"அம்மா, நான் கடல் ஒப்பந்தம்" என்றது அது. மனிதர்களிடம் பேசிப் பழக்கம் விட்டுப்போனதால் வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "என்னோட ஒரு பக்கத்துல இருக்கு. மீன்பிடிக்க எல்லை தாண்டினவங்களைச் சிறையில வைக்கக்கூடாது. படகையும் ஆளையும் பிணை வாங்கிக்கிட்டு விட்டுடணும். விடலைன்னா கடல் நீதிமன்றத்துல போய்க் கேக்கலாம். மாசக்கணக்கா இழுக்க மாட்டாங்க. மத்த வழக்கையெல்லாம் ஓரமா வச்சுட்டு இதைத்தான் முதல்ல எடுப்பாங்க."

"அப்ப கேளுங்கய்யா!" என்று தெக்லா இளவழுதியைப் பார்த்தாள்.

இளவழுதி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்பந்தமே சொன்னது: "கோரைநாடு என்மேல முத்திரை வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. உங்க நாடு வைக்கல. ரெண்டு பேரும் வச்சிருந்தாத்தான் ஒருத்தரை ஒருத்தர் கேக்கலாம்."

"ஏன் வைக்கல?"

முத்திரை தன் துணியின் மேல் அசையாமல் இருந்தது.

"காரணம் இருக்கும்மா" என்றார் இளவழுதி மெதுவாக. "வெளிநாட்டு நீதிபதிங்க தீர்ப்புக்கு நாம கட்டுப்படணும். ஆழ்கடல்ல தோண்டி எடுக்கிற கனிமத்துல உலகத்துக்குப் பங்கு கொடுக்கணும். ஒருதடவை உள்ள போயிட்டா நம்ம பிள்ளைங்க காலத்துக்கும் அது இருக்கும். சும்மா பிடிவாதத்துல வைக்காம இருக்கலம்மா. நாட்டை நினைச்சுத்தான் தயங்கினோம்."

"நாடுன்னா யாருய்யா?" என்றாள் தெக்லா. கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது போலக் கேட்டாள். "அங்க இருக்கிற ஆறு பேர் அதுல சேத்தியா, இல்லையா?"

அன்று மாலையே இளவழுதி மன்றத்தைக் கூட்டினார்.

இருபத்தொரு உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் மேசை. மேசையின் மேல் ஒப்பந்தமும் முத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பதினாறு வருடத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தது அன்றுதான்.

சேந்தன் என்ற உறுப்பினர் எழுந்தார். நல்ல பேச்சாளர், நாட்டின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். "ஆறு பேருக்காக என் நெஞ்சும் துடிக்குது" என்றார். "ஆனா ஆறு பேர் அழறாங்கன்னு அறுபது தலைமுறைக்கு ஒரு கட்டு போட்டுக்கலாமா? இந்தப் புத்தகம் நாளைக்கு அஞ்சானைப் பார்த்து, 'நீ இங்கே நிக்காதே'ன்னு சொல்லும். சொல்லாதுன்னு யாராவது சத்தியம் பண்ணுங்க, நான் கையைத் தூக்குறேன்."

எல்லாரும் ஒப்பந்தத்தைப் பார்த்தார்கள்.

"அவர் சொல்றது பொய்யில்ல" என்றது ஒப்பந்தம். "சொல்லுவேன். உங்களுக்குச் சாதகமா மட்டும் பேச எனக்குத் தெரியாது."

மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முத்திரை பதறிப்போய், "கொஞ்சம் பதமாப் பேசேன். ஜெயிக்கணும்னு ஆசையில்லையா உனக்கு?" என்று கிசுகிசுத்தது.

"ஆசையாத்தான் இருக்கு. அதுக்காக ஏமாத்தச் சொல்றியா? இன்னொண்ணும் கேட்டுக்கோங்க" என்று ஒப்பந்தம் குரலை உயர்த்தியது. "என்கிட்ட படை இல்ல. என் தீர்ப்பைக் கேக்காம முறைச்சுக்கிட்டுப் போன நாடும் உண்டு. அப்புறம், இன்னைக்கே நீங்க முத்திரை வச்சாலும் முப்பது நாள் கழிச்சுத்தான் எனக்கு உங்க நாட்டுல உயிர் வரும். விதி அப்படி."

"முப்பது நாளா?" என்றாள் வாசலில் நின்ற தெக்லா.

"அப்புறம் உன்னால என்னதான் பிரயோஜனம்?" என்று அஞ்சான் ஜன்னல் வழியாகக் கேட்டது. இந்த முறை அதன் குரலில் கேலி இல்லை.

"நீ போய் நின்னப்போ எதிர்ல ஒருத்தன் நின்னான். நடுவுல யாருமில்ல. அந்த நடுவுல இருக்கத்தான் என்னை எழுதினாங்க."

கைகள் எண்ணப்பட்டன. பத்துக்குப் பத்து என்று நின்றது. கடைசிக் கை இளவழுதியுடையது. அவர் அதைத் தூக்குவதற்கு முன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தூக்கினார். முத்திரையை எடுத்து மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அழுத்தினார். ஒரே சத்தம்தான். அவ்வளவில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு முப்பது நாள்.

அந்த முப்பது நாளும் மன்றத்தில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இளவழுதி அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அஞ்சான் கயிற்றை இழுத்து இழுத்துத் தளர்த்தியது. முத்திரை தன் அடிப்பக்கத்து மையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது. தெக்லா தினமும் மீன் ஏலம் முடிந்ததும் நேராக வந்து, "இன்னும் எத்தனை?" என்பாள். ஒப்பந்தம் சொல்லும். இருபத்தேழு. இருபத்து நாலு. பதினெட்டு.

பத்தொன்பதாம் நாள் அவள் ஏலத்துக்கே போகவில்லை. விடிந்ததும் வந்தாள். கூட ஞானப்புவின் மகள் பிரகாசியும் வந்திருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்கும். ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் சுவரோரமாக நின்றாள்.

"ஞானப்பு அண்ணன் போயிட்டார்" என்றாள் தெக்லா. "முந்தாநாள் மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

இளவழுதி எழுந்து நின்றார்.

தெக்லா ஒப்பந்தத்தின் பக்கம் திரும்பினாள். "இப்பவும் சொல்லு, இன்னும் எத்தனை?"

ஒப்பந்தத்தின் தாள்கள் சலசலத்தன.

"சொல்லு!"

"பதினொண்ணு" என்றது அது. சொல்லிவிட்டு அட்டையை மூடிக்கொண்டது.

முப்பதாம் நாள் காலை எட்டு மணிக்கே ஆழிநாட்டின் மனு கடல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஐந்து பேரையும், ஒரு சடலத்தையும், படகையும் விடச் சொல்லி. மன்றத்தில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பத்து மணிக்கு அதே நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இளவழுதி பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார்.

அது கோரைநாட்டின் மனு. 'எங்கள் படகு ஒன்றையும் நான்கு மீனவர்களையும் எட்டு மாதமாக ஆழிநாடு வடக்குத் துறைமுகத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது அவர்களும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். விடச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது.

இளவழுதி ஜன்னலுக்குப் போனார். "அஞ்சான், இது நிஜமா?"

"நிஜம்தான் ஐயா. நான்தான் பிடிச்சேன். கோட்டைத் தாண்டி வந்தாங்க."

"எந்தக் கோடு?"

"நம்ம கோடு" என்றது அஞ்சான். சொல்லிவிட்டுத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல அடங்கிப்போனது.

மன்றம் கொதித்தது. "நம்ம ஆளை விடுவிக்க முத்திரை வச்சா, முதல் உத்தரவு நமக்கே வருது!" என்று ஒருவர் கத்தினார். சேந்தன் மட்டும் கத்தவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன். சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "இப்ப அந்த நாலு பேர்தான் நம்ம கையில இருக்கிற துருப்பு. அவங்க நம்மாளுகளை விடட்டும், அப்புறம் நாம விடுவோம். அதுவரைக்கும் வழக்கை இழுத்தடிப்போம்."

நிறையத் தலைகள் ஆடின. முத்திரை ஒப்பந்தத்திடம், "நான் தப்பா இறங்கிட்டேனா?" என்று கேட்டது.

இளவழுதி தெக்லாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இவங்களை வச்சுக்கலாம்னு மன்றம் நினைக்குது. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

சரி என்ற வார்த்தை அவள் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று கிளம்பினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வடக்குத் துறைமுகத்துக்குப் போனாள்.

அங்கே ஒரு மூலையில் பிடிபட்ட படகு கட்டிக் கிடந்தது. காவலரிடம் சொல்லிவிட்டுக் கிட்டே போனாள். நெஞ்சு நரைத்த ஓர் ஆள் படகுக்குள் தேங்கிய தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். கோரைநாட்டுப் படகின் டிரைவர் நம்புராசன் அவர்தான்.

"ஓட்டை விழுந்துருச்சா?" என்றாள் தெக்லா. படகுக்காரிக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"பலகை ஊறிப்போச்சு. தினம் இறைக்கலைன்னா முங்கிரும்" என்றார் அவர். "இறைக்க மட்டும் விடுறாங்க. நீங்க யாரும்மா?"

"உங்க ஊர்ச் சிறையில எங்க வீட்டுக்காரர் இருக்காக. எங்க படகும் அங்கதான் கிடக்கு."

நம்புராசன் வாளியைக் கீழே வைத்தார்.

"உங்களை விடக்கூடாதுன்னு சொல்லத்தான் கிளம்பி வந்தேன்" என்றாள் தெக்லா.

"சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எங்க நாடு எப்பவோ முத்திரை வச்சிருச்சு. உங்க நாடு வைக்கல, அதனால நமக்குக் கேக்க எடமில்லைன்னு எங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். என் சம்சாரம் எட்டு மாசமா அங்கதான் நிக்கிறா. உங்களை மாதிரியேதான் கேட்டிருப்பா, 'எப்பய்யா கூட்டிட்டு வருவீங்க'ன்னு." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எதுன்னாலும் சீக்கிரம் முடிவு பண்ணச் சொல்லுங்கம்மா. பலகை தாங்காது."

தெக்லா கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டுக்காரனை வெளியே விடாமல் வைத்திருந்த அதே இழுப்பறை இந்த ஆளையும் இங்கே வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

"விட்டுருங்க" என்றாள் இளவழுதியிடம்.

"உங்க வீட்டுக்காரர்?"

"அவுகளுக்கு நாம கேப்போம். இப்பத்தான் கேக்க எடம் வந்திருக்கே. இவுகளை இங்க கட்டிப்போட்டுட்டு அங்க போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா கேக்கறது?"

சொல்லிவிட்டு வெளியே போனவள், வாசல் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதை அஞ்சான் மட்டும் பார்த்தது.

நீதிமன்றத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் இளவழுதி விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டார். அஞ்சான் நம்புராசனின் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோடுவரை போனது. மறுபக்கம் யாருமே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் தண்ணீர்.

"ஐயா" என்று அஞ்சான் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டது. "அவங்க வரல. நம்மாளுங்க யாரும் இங்க இல்ல. திரும்பிடவா?"

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து இளவழுதியின் குரல் வந்தது. "கயிறை அவுத்து விடு."

அஞ்சான் கயிற்றை அவிழ்த்தது. படகின் எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. நம்புராசன் கையைத் தூக்கிக் காட்டினார். படகு ஒரு புள்ளியாகும்வரை அஞ்சான் பார்த்துக்கொண்டே நின்றது. தன் தளமெல்லாம் காலியாகிவிட்ட மாதிரி அதற்கு இருந்தது.

பத்து நாள் கழித்து நீதிமன்றம் கூடியது. இளவழுதி தெக்லாவையும் அழைத்துப் போனார். அந்தப் பெரிய கூடத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நாற்காலி. 'ஆழிநாடு' என்று பெயர் எழுதிய நாற்காலியில் இளவழுதி உட்கார்ந்தபோது அது கிறீச்சிட்டது.

"மெதுவா உட்காருங்க. இதுவரைக்கும் யாரும் உட்கார்ந்ததில்ல" என்றது நாற்காலி. "எத்தனை கோடு போட்டாங்க தெரியுமா இங்க! ஒவ்வொரு தடவையும் 'ஆழிநாடு என்ன சொல்லுது?'ன்னு கேப்பாங்க. நான் நாற்காலி, நான் என்ன சொல்ல முடியும்?"

கோரைநாட்டு வக்கீல் எழுந்தார். ஆழிநாடு எங்கள் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் விடவேண்டும் என்று கேட்பதற்குத்தான் அவர் தயாராக வந்திருந்தார். ஆனால் நான்கு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் அதே வாதம். வேறு எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

பிணையைக் கட்டச் சொல்லி, ஐந்து பேரையும் படகையும் உடனே விடவேண்டும், இறந்தவரை மரியாதையோடு ஒப்படைக்கவேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். இரண்டு நாடும் உட்கார்ந்து பேசி ஒரே கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். தெக்லாவுக்கு மொழி புரியவில்லை. இளவழுதியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அஞ்சான் அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னால் தெக்லாவின் படகு, பாசி படிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தது. கஸ்பார் இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். தெக்லா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற நால்வரின் வீட்டார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள்; சவப்பெட்டி இறங்குவதைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

பிரகாசி அப்பாவின் பெட்டிக்கு அருகில் போய் நின்றாள். இளவழுதி முத்திரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சடலத்தைப் பெற்றுக்கொண்டதற்கான தாளில் அதை வைக்க வேண்டியிருந்தது. சேந்தனும் வந்திருந்தார். தலை குனிந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

இளவழுதி தாளில் முத்திரை வைத்தார். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமென்று, "அம்மா, சட்டப்படி நாம ஜெயிச்சிருக்கோம். இனிமே யாருக்கும் இப்படி ஆகாது" என்றார்.

பிரகாசி அவர் கையிலிருந்த பித்தளையைப் பார்த்தாள். "இதுதானா அது?"

"ஆமாம்மா."

அவள் கை நீட்டினாள். இளவழுதி தயங்கிவிட்டுக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். துறைமுகத்தில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"இதைத் தூக்கி வைக்கவாய்யா உங்களுக்கு இத்தனை வருசம் ஆச்சு?"